ஒரு வயர் குறையுது

"பழைய பவர் சப்ளையை வயரோட கொண்டாந்தாதான் புதுசு தருவேன். இஷ்டம் இருந்தா வாங்கு, இல்லாட்டி வேற கடை பாத்துக்க."

கரையான்சாவடி மெயின் ரோட்டில் கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் அப்துல் ரசாக் இப்படிச் சொன்னதும் கௌதமுக்குச் சுருக்கென்றது. காசு கொடுத்து வாங்க வந்தவனிடம் இது என்ன நிபந்தனை?

சாமானில் குறை சொல்ல முடியாது. கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுக்கும் பவர் சப்ளைகளில், கலர் கலராக லைட் எரியும் ஆயிரம் வாட் பெட்டியைத்தான் கௌதம் முதலில் காட்டினான். ரசாக் உதட்டைப் பிதுக்கினார்.

"உன் கிராஃபிக்ஸ் கார்டுக்கு எழுநூத்தம்பது வாட் போதும் தம்பி. மேல லைட்டு வெக்கறவன் உள்ள சரக்குல கை வெச்சிருப்பான்."

சொல்லிவிட்டுச் சாதாரணக் கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். நல்ல கனம். பத்து வருஷ வாரண்டி. விலையும் நாலாயிரம் குறைவு.

இப்படிப்பட்ட மனிதர் பழைய வயருக்கு ஏன் ஆலாய்ப் பறக்கிறார் என்பதுதான் புரியவில்லை.

"பழசுக்கு எழுநூறு ரூபா கழிச்சுக்கறேன். ஆனா ஒரு வயர்கூட ஊட்ல தங்கக் கூடாது. ஏன்னா..."

"தெரியும் பாய். எல்லாம் யூடியூப்ல பாத்துட்டேன்."

ரசாக் சொல்ல வந்ததை முழுங்கிக்கொண்டார்.

கடை மூலையில் இரண்டு கோணிப்பை நிறையப் பழைய வயர்கள் கிடந்தன. கௌதமுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. உள்ளே இருக்கும் செம்புக்குத்தான் இந்த அக்கறை.

நூம்பலில் உள்ள தன் ஃபிளாட்டுக்கு வந்து பழையதைக் கழற்றினான். வயர்களையெல்லாம் உருவிப் பையில் போட்டவன், ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் வெள்ளை வயர். அவன் கம்ப்யூட்டருக்குப் பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே எல்லாமே வெள்ளை. புதுசோடு வரும் கறுப்பு வயரை அதில் மாட்டினால், வெள்ளை வேட்டியில் மை கொட்டின மாதிரி இருக்கும்.

வெள்ளை வயர் மேஜை டிராயருக்குள் போனது. பை கரையான்சாவடிக்குப் போனது.

புதுப் பெட்டியோடு திரும்பியவனிடம் மனைவி ஷோபனா எச்சரித்தாள். கார்டு அவள் வாங்கிக் கொடுத்தது. இந்த வருஷ போனஸ் முழுக்க அதில்தான் போயிருக்கிறது. போன வருஷம் இவன் கைவரிசையில் மதர்போர்டு ஒன்று புகைந்ததை அவள் இன்னும் மறக்கவில்லை.

"கௌதம், இதையும் எரிச்சுட்டேன்னா இனிமே உன்னை நம்பி ஒரு பல்புகூட மாட்டச் சொல்ல மாட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. நான் என்ன சின்னப் பிள்ளையா?"

எல்லாம் மாட்டி முடிக்கும் நேரத்தில் போன் அடித்தது. ரசாக்தான்.

"தம்பி, எண்ணிப் பாத்தேன். அந்த மாடலுக்கு எட்டு வயர். இங்க ஏழுதான் கீது. ஒண்ணு குறையுது."

"அவ்வளவுதான் இருந்துச்சு பாய். தேடிப் பாக்கறேன்."

பட்டென்று வைத்துவிட்டான். மறுபடி அடித்தது. மறுபடியும் அடித்தது. அவன் எடுக்கவில்லை.

"யாரு?" என்றாள் ஷோபனா.

"கடைக்காரர். ஒரு வயர் செம்புக்காக மூணு தடவை கூப்பிடறாரு. இப்படி ஒரு அல்பத்தை நான் பாத்ததே இல்ல."

அவள் சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள். கௌதம் வெள்ளை வயரை அழகாக வளைத்து மாட்டி, கண்ணாடியை மூடி, தள்ளி நின்று ரசித்தான். ஸ்விட்ச்சை நோக்கிக் கை போனபோது காலிங் பெல் அலறியது.

வாசலில் ரசாக். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. லிஃப்ட் ரிப்பேர், மூன்று மாடியும் ஏறி வந்திருக்கிறார். கையில் வாரண்டி சீட்டின் நகல். அதில் இருந்துதான் முகவரியைப் பிடித்திருக்க வேண்டும்.

"ஒரு வயருக்காகவா பாய் இவ்வளவு தூரம்?" கௌதம் குரலில் கேலி வழிந்தது.

"ஸ்விட்ச் போட்டியா?"

"இல்ல, இப்பத்தான்..."

ரசாக் அவனைத் தாண்டி உள்ளே போய், முதல் வேலையாக ப்ளக்கைப் பிடுங்கினார். பிறகு தரையில் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். சத்தம் கேட்டு ஷோபனா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்னாச்சு? யார் இவர்?"

கண்ணாடியைத் திறந்து வெள்ளை வயரை உருவியபடியே ரசாக் சொன்னார்.

"கடைக்காரன்மா. இது வேற கம்பெனி வயர். புதுப் பெட்டியில போய் கரெக்டா உக்காந்துக்கும், பாத்தா வித்தியாசமே தெரியாது. ஆனா உள்ள கரண்டு வர்ற கம்பி இடம் மாறிக் கீது. ஸ்விட்ச் போட்டிருந்தா உங்க கார்டு அந்த நிமிஷமே கருகிப் போயிருக்கும்."

ஷோபனா மெதுவாகத் திரும்பினாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"கௌதம், பழைய வயரை எதுக்கு மாட்டின?"

கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்த மனிதரையா அல்பம் என்று சொன்னோம் என்று கௌதம் கூசிப்போனான். உண்மையைச் சொல்ல வாயெடுத்தான்.

அதற்குள் ரசாக் அவனை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். புதுப் பெட்டியின் கறுப்பு வயரைப் பிரித்து மாட்டிக்கொண்டே ஷோபனாவிடம் சொன்னார்.

"அவரை ஏம்மா கோச்சுக்கிற? வெள்ளை நல்லா எடுப்பா இருக்கும், அதையே போட்டுக்கன்னு நான்தாம்மா தப்பா சொல்லி அனுப்பிட்டேன்."