செவ்வாய்க்கிழமையில் இருக்கிறார்

காலம் ஓடுகிறது என்றது ஒரு கட்சி. ஓடவில்லை, எல்லா நாளும் அழியாமல் அப்படியே இருக்கின்றன என்றது இன்னொரு கட்சி. தத்துவவாதிகள் இரண்டாயிரம் வருஷம் அடித்துக்கொண்டு, கடைசியில் இரண்டாம் கட்சி ஜெயித்தது. அன்றோடு துக்கம் விசாரிக்கும் வழக்கம் ஒழிந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குப் போன கதிரேசன் பிணமாகத்தான் வீடு திரும்பினார். மனைவி மரகதம் வாய்விட்டு அழுததைக் கேட்டு, பக்கத்து வீட்டு ரோசலின் எரிச்சலோடு வந்தாள்.

"எதுக்கு மதினி அழுதிய? அண்ணாச்சி செவ்வாக்கிழம காலைல நல்லாத்தான இருக்காவ? சுவத்துல போட்டுப் பாருங்க."

கழிந்த எந்த நாளையும் காட்டும் சுவர்த்திரையில் மரகதம் அந்தக் காலையைப் போட்டாள். கதிரேசன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே கூப்பிட்டார்.

"ஏட்டி மரகதம், இங்க வாயேன். ஒண்ணு சொல்லணும்."

அடுப்படியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்த அந்த மரகதத்துக்கு மிக்சி இரைச்சலில் அது காதில் விழவில்லை. அவர் இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"ஏ மூதி, அத நிப்பாட்டுடி!" என்று இந்த மரகதம் சுவரில் ஓங்கி அறைந்தாள்.

மிக்சி ஓடிக்கொண்டே இருந்தது. இனி எந்தக் காலத்திலும் அது நிற்கப்போவதில்லை.