கேபிள்காரனின் கண்

ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டை என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திப் படித்தார்.

வீட்டில் இருந்தது நானும் அவரும் மட்டும்தான். வெளியே வெயிலில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. காக்கையைத் தவிர ஒட்டுக்கேட்க ஆள் கிடையாது.

"சத்தமா சொல்லுங்க. பிராங்க்ளின் ஒண்ணும் சன்னலாண்ட நிக்கல" என்றேன்.

பிராங்க்ளின்தான் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துக்கு இன்டர்நெட் கொடுக்கும் கேபிள்காரன். ஒருநாள் டீக்கடையில், உங்க வீட்ல தெலுங்குப் படம்தான் ஓடுது போல என்று இவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் போனது.

படம் பார்ப்பது தெரிந்துவிட்டதே என்றல்ல. பார் தெரிந்துவிட்டதே என்று.

பார் என்றால் கடலடியில் இருக்கும் பாறைத் திட்டு. மீன் அங்கேதான் அடையும். இடம் தெரிந்தவன் வாயைத் திறக்கமாட்டான். வடக்கே பிடித்துவிட்டுத் தெற்கே என்று சொல்வது எங்கள் குப்பத்தில் பொய்யிலேயே சேராது.

இவருடைய பார்களில் மூன்றை அடுத்தடுத்து மனோஜ் கண்டுபிடித்துவிட்டான். இவர் போய்ச் சேரும்போது மனோஜின் ஃபைபர் படகு அங்கே தூண்டில் போட்டு நிற்கிறது. இப்படியே எல்லாப் பார்களும் போய்விட்டால் படகைக் கரையில் கவிழ்த்துவிட வேண்டியதுதான் என்று புலம்புகிறார்.

காரணத்தையும் இவரே கண்டுபிடித்தார். சாயங்காலம் போனில் காற்று பார்க்கும் பக்கத்தைத் திறந்து, மறுநாள் போகிற இடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார். அதைக் கேபிள் வழியாகப் பிராங்க்ளின் பார்த்து, கூடப் படித்த மனோஜிடம் ஓதிவிடுகிறானாம்.

இப்படி ஒரு மூளையை வைத்துக்கொண்டு இவர் கரை திரும்புவதே கடல் செய்யும் தர்மம்.

நான் பொன்னேரியில் கம்ப்யூட்டர் படித்தவள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் போன் முதலில் அதன் முகவரியை ஓரிடத்தில் கேட்கும். அதற்கு டிஎன்எஸ் என்று பெயர். எங்கள் வீடு கேட்பது பிராங்க்ளினிடம். அதனால் படமா, பாட்டா என்று அவனுக்குத் தெரியலாம். கடலில் எந்தப் பாறை என்பது அவன் தலைகீழாக நின்றாலும் தெரியாது.

இதையெல்லாம் இவரிடம் சொல்லவில்லை. செவிடன் காதில் எத்தனை முறை சங்கு ஊதுவது? வேறு இடத்தில் கேட்க வைத்துவிடலாம், வேகமாகவும் இருக்கும், அவன் கண்ணிலும் படாது என்று மட்டும் சொன்னேன். இவர் முகத்தில் அன்றுதான் களை வந்தது.

கட்டத்தில் இருந்த பிராங்க்ளினின் எண்ணை அழித்துவிட்டு, வேறொரு டிஎன்எஸ்ஸின் எண்ணான நாலு ஒன்றுகளை அடித்தேன். கேட்பதை மூடி அனுப்பும் பொத்தானையும் தட்டினேன். ரூட்டர் அணைந்து எரிந்தது. அதுவரை இவர் மூச்சுவிடவில்லை.

"இன்னா பூவிழி, இனிமே இந்த வூட்லேர்ந்து இன்னா போவுதுன்னு எவனுக்கும் தெரியாதில்ல?"

"எவனுக்கும் தெரியாது."

எதற்கும் இருக்கட்டும் என்று ஜிபிஎஸ் பெட்டியைத் துண்டில் சுற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளினார். பார்கள் எல்லாம் அதில்தான் பதிந்திருக்கின்றன. படகில் விட்டால் கூட வரும் ஆட்கள் பார்த்துவிடுவார்களாம். பொம்பளை கை பட்டால் ராசி போய்விடும் என்று எனக்கும் சொல்லி வைத்திருக்கிறார். சொன்னால் போதும் இவருக்கு.

பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, ஆட்கள் வலை பழுதுபார்க்கும் கொட்டகைக்குக் கிளம்பினார். பிராங்க்ளினின் கண்ணைத் தானே பிடுங்கியதாக அங்கே பீற்றிக்கொள்வார். பீற்றிக்கொள்ளட்டும்.

அவர் தலை மறைந்ததும் பெட்டியை எடுத்தேன்.

இவர் என் நைனா துளசிங்கத்தின் படகில் ஆளாக இருந்தவர். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை மரியாதையோடு பின்னால் உட்கார்ந்து, நைனா நங்கூரம் போட்ட இடத்திலெல்லாம் இந்தப் பெட்டியின் பொத்தானை அமுக்கிக்கொண்டார். நைனா கரையில் தெரியும் மரத்தையும் கோபுரத்தையும் பார்த்து இடம் பிடிப்பவர். வாதம் வந்து வாய் இழுத்துக்கொண்ட பிறகு அவரால் பெற்ற மகனுக்குக்கூட இடம் சொல்ல முடியவில்லை.

இவர் தனிப் படகு வாங்கினார். பிறந்த வீட்டோடு பேச மாட்டேன் என்று எல்லையம்மன் கோயிலில் என்னைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். அதோடு நிம்மதியாகிவிட்டார். கேபிளைச் சந்தேகப்பட்டவருக்குக் கற்பூரத்தைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

ஒவ்வொன்றாகத்தான் அனுப்புகிறேன். மொத்தமாகக் கொடுத்தால் மனோஜ் எல்லா இடத்திலும் போய் நின்று மாட்டிக்கொள்வான். என் தம்பிக்கு அவ்வளவு அவசரம்.

நைனா ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். இவர் நம்பர் போட்டு வைத்திருக்கிறார். லைட்ஹவுஸுக்கு நேர் கிழக்கே, வெகுதூரத்தில் இருப்பதை நான் பிறந்த வாரம் நைனா கண்டுபிடித்தாராம். எங்கள் வீட்டில் அதற்குப் பூவிழிப் பார் என்று பெயர்.

பெட்டியில் அது வெறும் நாலு.

படம் எடுத்து அனுப்பினேன். முன்பெல்லாம் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்று உடனே போய்விட்டது.