ஊர்க் கணக்கு

“அந்த ஊர்ல நம்ம கடைக்கு ஒரு கிளை போடலாம்னு இருக்கோம்” என்று சொல்லி, தங்க நிறத்தில் பெயர் அச்சடித்த கார்டை மேஜைமேல் தள்ளினார் பொன்ராஜ். தி.நகரில் மூன்று மாடி ஜவுளிக்கடை வைத்திருப்பவர். மயிலாப்பூரில் இருந்த அந்த நூலகத்துக்குள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

ரெஃபரன்ஸ் பிரிவின் நூலகர் தேவானை கார்டை இரண்டு பக்கமும் படித்துவிட்டு நிமிர்ந்தாள். “உக்காருங்க சார். எந்த ஊரு?”

“பனையடிக்குறிச்சி. உங்களுக்கு இதெல்லாம் பாக்கத் தெரியுமா? இல்ல, மேல பெரிய ஆபீசர் யாரும் இருக்காங்களா?”

“நான்தான் பாக்கணும் சார்.”

“சரிதான்” என்று உதட்டைப் பிதுக்கி, ஃபேனுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஜனத்தொகை வேணுமா, வீட்டுக் கணக்கா, ரோடு பஸ் வசதியா?”

பொன்ராஜ் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலை இறக்கினார். “என்னென்ன சாதிக்காரங்க எத்தன பேருன்னு வேணும்.”

“சாதிவாரியா சென்சஸ் புத்தகத்துல இருக்காது சார். எஸ்.சி., எஸ்.டி. எத்தனை பேர்னு மட்டும் போட்டிருப்பாங்க.”

“எனக்கு அது போதும்.”

புடவை விற்க அது எதற்கு என்று தேவானை கேட்கவில்லை. மாவட்டத்தைக் கேட்டுக்கொண்டு அலமாரிக்குப் போனாள். தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தைத் தூக்கி வந்தாள்.

“ரெண்டாயிரத்துப் பதினொண்ணா? பழைய பேப்பர் கடைக்குப் போட வேண்டியதுல்ல இது!”

“ஊர்வாரியா இப்போதைக்குக் கிடைக்கிறது இதுதான் சார்.”

“சம்பளம் மட்டும் வருசா வருசம் புதுசா வாங்கிருவீங்க.”

தேவானை பட்டியலில் விரலை ஓட்டினாள். “பனையடிக்குறிச்சி. மொத்தம் ரெண்டாயிரத்து நானூத்திப் பத்து. எஸ்.சி. ஒருத்தரும் இல்ல.”

பொன்ராஜின் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்து, மேஜை ஓரத்தில் இருந்த ஸ்வீட் டப்பாவை அவள் அவர் பக்கம் நகர்த்தினாள். “எடுத்துக்கங்க சார். வீட்டு விசேஷம்.”

என்ன விசேஷம் என்று அவர் கேட்கவில்லை. இரண்டு லட்டு எடுத்தார். ஒன்றை முழுசாக வாயில் போட்டதும் உண்மை வெளியே வந்தது.

“கிளையெல்லாம் ஒண்ணுமில்லம்மா. எம் பொண்ணு பெருங்குடில கம்ப்யூட்டர் கம்பெனில வேல பாக்கா. கூட வேல பாக்குற ஒரு பயலத்தான் கட்டுவேன்னு நிக்கா. சித்தார்த்தனாம். பேர வச்சு ஒண்ணும் பிடி கிடைக்கல. சாதி என்னன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. அவ தூங்கையில செல்போன நோண்டி அவன் அப்பன் ஊர எடுத்தேன். ஆள விட்டு விசாரிச்சா வெளிய நாறிரும். புஸ்தகத்துல பாத்தா ஒரு பயலுக்கும் தெரியாதுல்லா?”

“சார், இதே பேர்ல இன்னொரு ஊரும் இந்த மாவட்டத்துல இருக்கு. தாலுகா தெரியுமா?”

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து வாசித்தார். தேவானை பக்கங்களைத் தள்ளினாள்.

“அப்ப நான் சொன்ன ஊர் இல்ல. இதுதான். மொத்தம் அறுநூத்திப் பன்னெண்டு. எஸ்.சி. அறுநூத்தி நாலு.”

மெல்லுவது நின்றது.

“நெனச்சேன்” என்றார். “இவனுவளுக்கு நாலு எழுத்து படிக்கக் குடுத்தா, நேரா நம்ம வீட்டு நடுக்கூடத்துக்குல்லா வாரானுவ.”

“இது ஊர்க்கணக்கு சார். ஒரு ஆள் யாருன்னு இதை வெச்சு சொல்ல முடியாது.”

“நீ எனக்குக் கணக்கு சொல்லித் தராண்டாம்.” அதுவரை இருந்த அரைகுறை மரியாதையும் போயிற்று. அங்கேயே போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். நூலகத்தில் போன் பேசக்கூடாது என்ற பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்கியது.

“சீதா! மது பெங்களூர்லருந்து என்னைக்கு வாரா? நாளைக்கா? வந்ததும் போனப் பிடுங்கு. ரூமுல போட்டுப் பூட்டு. டிரைனிங்கும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஞாயித்துக்கெழம அந்தப் பாத்திரக்கடைக்காரர் மகனுக்குத் தட்ட மாத்திருவோம். அழுதா அழட்டும். கால ஒடிச்சாவது மணையில உக்கார வைக்கேன்.”

நாலு மேஜை தள்ளிப் படித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். தேவானை மட்டும் ஒரு நோட்டைத் திறந்து அவர் முன் வைத்தாள்.

“பேரு, எதுக்கு வந்தீங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்.”

‘வியாபார விஷயம்’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். நெய்க் கையை நோட்டின் ஓரத்திலேயே துடைத்துவிட்டு எழுந்தார்.

“சார், மதுமதிக்கு பெங்களூர்ல டிரைனிங் எதுவும் இல்ல.”

பொன்ராஜ் சட்டென்று திரும்பினார். “எம் பொண்ணு முழுப் பேரு உனக்கு எப்படித் தெரியும்?”

தேவானை புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் மார்போடு தூக்கிக்கொண்டாள். குரல் உயரவே இல்லை.

“நேத்து காலையில கல்யாணத்த ரெஜிஸ்டர் பண்ணியாச்சு. பாதுகாப்பு கேட்டு போலீஸ் ஸ்டேஷன்லயும் எழுதிக் குடுத்தாச்சு.”

“யாரு வீட்டுல இருக்கா எம் பொண்ணு? சொல்லு!”

“எங்க வீட்லதான், சம்பந்தி.”