விலாவுக்குக் கீழே மூன்று கோடுகள்

பாக்யராஜின் சட்டையை விலக்கியதும் மருத்துவரின் கை அப்படியே நின்றுவிட்டது.

வலப்பக்க விலா எலும்புகளை ஒட்டி, அளவெடுத்து இழுத்தாற்போல மூன்று கோடுகள். ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். ஓரங்கள் கறுத்திருந்தன. நடுவில் சீழ் கோத்திருந்தது.

சரியாக அந்த இடத்தில்தான் ஊசி இறங்க வேண்டும்.

கட்டிலின் கால்மாட்டில், கணவரின் செருப்பையும் ஸ்கேன் பையையும் மார்போடு அணைத்தபடி விஜயராணி நின்றிருந்தார். ஏம்பலத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்திருந்தார்கள். மருத்துவமனை சொன்னபடி பாக்யராஜ் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்தார்.

“என்ன இது?” என்றார் மருத்துவர்.

“எண்ண தெறிச்சிடிச்சி சார்,” என்றார் பாக்யராஜ். “பாகூர்ல ஒரு கல்யாணம். வடை போட்டுனு இருந்தேன்.”

“எண்ணெய் ஸ்கேல் வெச்சா தெறிக்கும்?”

பாக்யராஜ் இருபது ஆண்டுகளாகக் கல்யாணங்களுக்குச் சமைப்பவர். தாம் சொன்ன பொய்யில் உப்புப் போதவில்லை என்பது அவருக்கே தெரிந்துவிட்டது.

செவிலியர் சரண்யா குனிந்து பார்த்தார். அவர் மண்ணாடிப்பட்டுப் பக்கத்துப் பெண். “சூடு இழுத்திருக்காங்க சார். எங்க ஊர்லயும் காமாலைக்கு, ஈரல் கோளாறுக்கெல்லாம் இப்படித்தான் கம்பியக் காய்ச்சி இழுப்பாங்க,” என்று மெல்லச் சொன்னார்.

பாக்யராஜுக்குக் கல்லீரலுக்குள், பித்தநாளத்தின் ஒரு கிளையில் புற்றுக்கட்டி முளைத்திருந்தது. இதயம் பலவீனமாக இருந்ததால் வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. தோலின் வழியே மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, அதன் முனையில் எழும் வெப்பத்தால் கட்டியை அங்கேயே கருக்கிவிடலாம் என்று முதல் முறை வந்தபோதே மருத்துவர் பொறுமையாக விளக்கியிருந்தார். கட்டி மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால் நம்பிக்கை அதிகம் என்றும் கூறியிருந்தார். அன்றைக்கு அது இரண்டு புள்ளி ஆறு.

அந்த ஊசி இயந்திரத்துக்கு முறை வர இருபத்தாறு நாட்கள் ஆகும் என்றார்கள்.

“அது வரைக்கும் நாங்க இன்னா சார் செய்யணும்?” என்று விஜயராணி அப்போது கேட்டார்.

“நீங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. வெயிட் பண்ணுங்க.”

மருத்துவர் அதை அன்போடுதான் சொன்னார்.

இன்று இருபத்தாறாவது நாள்.

“நீங்களும் சுடத்தான சார் போறீங்க,” என்றார் பாக்யராஜ். “நாங்க முன்னாடியே கொஞ்சம் வதக்கிக் குடுத்துட்டோம்.”



மருத்துவர் புண்ணைத் தவிர்த்து, ஸ்கேன் கருவியைக் கோணம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். மேலே நகர்த்தினால் நுரையீரல் குறுக்கிட்டது. கீழே நகர்த்தினால் குடல் குறுக்கிட்டது. பிறகு திரையில் கட்டியின் இரு ஓரங்களிலும் புள்ளி வைத்து அளந்தார்.

“ரெண்டு புள்ளி ஒன்பது,” என்றார் சரண்யாவிடம்.

கருவியைத் துடைத்து அதன் இடத்தில் மாட்டினார்.

“இந்தச் சீழ் வழியா ஊசி போனா, கிருமி நேரா ஈரலுக்குள்ள போயிடும். முதல்ல இது ஆறணும். மூணு வாரமாவது ஆகும்.”

“அந்த மூணு வாரத்துல அது...” என்று தொடங்கினார் விஜயராணி.

“அது நம்ம கையில இல்லம்மா.”

அதற்குப் பிறகுதான் மருத்துவருக்குக் கோபம் வந்தது. “நாங்கன்னு சொன்னீங்களே, யார் யாரு?” என்று பாக்யராஜின் பக்கம் திரும்பினார்.

“நான்தான் சார். நானாத்தான் போனேன். இதுக்கு ஒண்ணும் தெரியாது.” மோவாயால் மனைவியைக் காட்டினார்.

“நீங்களாவது தடுத்திருக்கலாமேம்மா.”

விஜயராணி தலையை அசைத்தார். அது ஆமாமா இல்லையா என்பது அவருக்கே விளங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது, பாக்யராஜ் படுத்தபடியே கண்களால் வேண்டாம் என்றார்.

மருத்துவர் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை இழுத்தார். “சூடு போட்ட ஆள் பேரு சொல்லுங்க. இன்னும் பத்துப் பேருக்குப் போடறதுக்குள்ள புகார் கொடுக்கணும்.”

“இனிமே போடாது சார்.”

“பேரு?”

பாக்யராஜ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வுடுங்க சார். பாவம், அழுதுனேதான் போட்டுச்சி.”

சரண்யா பஞ்சை மருந்தில் நனைத்துக்கொண்டு வந்தார். “அம்மா, கொஞ்சம் அவர் கையைப் புடிச்சிக்குங்க. எரியும்.”

விஜயராணி பையையும் செருப்பையும் கீழே வைத்துவிட்டு, வலக்கையை நீட்டினார். கம்பியைப் பிடிக்கும் இடத்தில், பெருவிரலின் உட்பக்கத்தில், ஒரு கொப்புளம் காய்ந்து தோலுரிந்துகொண்டிருந்தது.

மருத்துவர் அந்த விரலையே சற்று நேரம் பார்த்தார்.

பிறகு வெள்ளைத் தாளில், மூன்று வாரம் தள்ளி ஒரு தேதியை மட்டும் எழுதினார்.