ஆணி குத்திய ஆப்பிள்

பன்னிரண்டாவது ஆணியையும் கட்டைவிரலால் அழுத்தி ஆப்பிளுக்குள் இறக்கினான் ஸ்டாமென். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். தெரியாதவர்கள் பார்த்தால் யாருக்கோ சூனியம் வைக்கிறான் என்றுதான் நினைப்பார்கள்.

"மெதுவாடா. அந்த ஆப்பிள் உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?" என்றாள் அவனுடைய அக்கா ருஷா. அடுப்பில் அவள் வைத்த பீட்ரூட் வெந்துகொண்டிருந்தது.

"ஆழமா இறங்கணும்க்கா. அப்பதான் காலைக்குள்ள இரும்பு ஊறும்."

ரத்தம் குறைந்தால் அந்த ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். மாலையில் ஆணி குத்தி வைத்த ஆப்பிளை, காலையில் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு வெறும் வயிற்றில் தின்ன வேண்டும். அவர்களுடைய அம்மாவும் இரண்டு பிள்ளைப்பேற்றிலும் அப்படித்தான் தேறி எழுந்தாள்.

ஸ்டாமெனின் மனைவி நெவேனாவுக்கு மே மாதம் ஹீமோகுளோபின் ஒன்பதரை இருந்தது. மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போவதுதான் காரணம் என்று டாக்டர் பெலேவா இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை வயிற்றைப் புரட்டியது. ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டாள், டாக்டரிடம் சொல்லவுமில்லை. மறுநாள் ஸ்டாமென் தான் ஓட்டும் பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு வரும் வழியில் ஒரு பெட்டி ஆணி வாங்கி வந்தான்.

இப்போது நவம்பர். நெவேனாவின் உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடத்தது. போன மாதத்திலிருந்து புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. கால் தரையில் படுவதே தெரியவில்லை என்றாள். ஒருநாள் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் கோழிக்கூண்டுவரை ஈரத்தில் வெறுங்காலோடு போய் நின்றாள்.

ருஷா குரலைத் தாழ்த்தினாள். "எனக்கென்னவோ அவ திங்கறதே இல்லைன்னு படுது. கோழிக்குப் போடறா. உன் கோழிங்க கொண்டையைப் பாரேன், என்னமா செவந்திருக்கு!"

அடுத்த நாளிலிருந்து காலை வேளையில் ஸ்டாமென் மனைவியின் எதிரிலேயே உட்கார ஆரம்பித்தான்.

"நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா? முழுங்கிட்டேனான்னு வாயைத் திறந்து காட்டணுமா?"

"காட்டு."

அவள் நாக்கை நீட்டினாள். இருவரும் சிரித்துவிட்டார்கள். அந்த நாக்கும் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்து அவன்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினான்.

"உங்கம்மா தின்ன ஆப்பிள் உள்ள மை மாதிரி கறுத்துப் போயிருக்குமாமே? அக்கா சொன்னாங்க. இது நறுக்கினா வெள்ளையாத்தான் இருக்கு. வாய் மட்டும் ஒரு மாதிரி கரிக்குது."

"அது அந்தக் காலத்து அழுக்கு ஆணி. பேசாமத் தின்னு."

இன்னும் ஒரு வாரம் பார்த்தான். அவள் தேறவில்லை. அதன்பிறகு பன்னிரண்டை இருபதாக்கினான்.

டிசம்பர் தொடக்கத்தில் நெவேனா மாடிப்படியில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஹீமோகுளோபின் ஆறு. ரத்தம் ஏற்றினார்கள். உள்ளே எங்காவது கசிகிறதா என்று வயிற்றுக்குள்ளும் குடலுக்குள்ளும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். எதுவும் இல்லை. எலும்பு மஜ்ஜையையும் ரத்தத்தையும் எடுத்து, தலைநகர் சோஃபியாவிலிருந்த பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று டாக்டர் பெலேவா இருவரையும் உட்காரவைத்தார். நெவேனாவை ஸ்டாமென் சக்கர நாற்காலியில்தான் தள்ளிக்கொண்டு வந்திருந்தான்.

"இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தா இதயமே நின்னிருக்கும். வீட்டுல என்ன சாப்பிடறீங்க?"

"அவளையே கேளுங்க டாக்டரம்மா," ஸ்டாமென் வெடித்தான். "ஆறு மாசமா அவளுக்காகப் பாடுபடறேன். குடுக்கறதையெல்லாம் கோழிக்குப் போட்டா ரத்தம் எங்கேருந்து ஊறும்?"

"ஒரு துண்டு போட்டதில்ல!" நெவேனாவின் கண் நிறைந்துவிட்டது. "வாந்தி வந்தப்பக்கூட அடக்கிக்கிட்டு முழுங்கினேன். வேலை முடிஞ்சு வந்த களைப்போட நீ உக்காந்து செய்யறியேன்னுதான்."

டாக்டர் கையை உயர்த்தினார். "சண்டை வேண்டாம். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. இரும்பு குறைஞ்சும் இது வரல. இரும்பு போதுமான அளவு இருக்கு."

ஸ்டாமென் மனைவியைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்பதுபோல அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உடம்புல துத்தநாகம் ஏகப்பட்டது சேர்ந்திருக்கு," என்றார் டாக்டர். "அது செம்பைச் சேரவிடாது. செம்பு இல்லைன்னா, இரும்பு இருந்தும் ரத்தம் உண்டாகாது. கால் நரம்பும் செத்துப்போகும். ரத்தம் ஏறிடும், அதைப் பத்திக் கவலை இல்ல. காலைத்தான் என்னால உறுதியாச் சொல்ல முடியல."

நெவேனா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அவை வேறு யாருடையவையோ போல இருந்தன.

"இவ்வளவு துத்தநாகம் எப்படி உள்ள போச்சுன்னு எனக்குத் தெரியணும். மாத்திரை ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. துத்தநாகம்னா என்ன, எப்படி இருக்கும்?" என்று கேட்டான் ஸ்டாமென்.

"உங்க வீட்டு வாளி, கூரைத் தகடு, அதுல எல்லாம் பளபளன்னு இருக்குமே. இரும்பு துருப்பிடிக்காம இருக்கறதுக்கு மேல பூசுவாங்க."

நெவேனாவின் கையைப் பிடித்திருந்த அவன் பிடி மெல்லத் தளர்ந்தது.

"கடைக்காரன் ரெண்டு பெட்டி காட்டினான் டாக்டரம்மா," என்றான். "நான்தான், துருப்பிடிக்காத ஆணியாப் பார்த்து எடுத்தேன்."