கம்பியில் வந்த ஆம்பளை

“ஈரக் கம்பளியக் காயப்போட்டா ஒங் கம்பி தேஞ்சா போயிரும்? அது வழியாத்தானடி அந்திக்கு அந்தி ஆம்பளகிட்டப் பேசுற!”

கருப்பம்மா போட்ட சத்தத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தின் பத்து வீட்டாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் அதற்கும் முன்னாலேயே வந்திருந்தேன்.

நிரஞ்சலா, கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்ப்பவள். முப்பத்தாறு வயது, தனியாள். அம்மா செத்த பிறகு சும்மா இருந்திருக்கலாம். கொழும்புக்கு ரயிலேறிப் போய்ப் பரீட்சை எழுதி, வீட்டிலிருந்தே வானொலிப் பெட்டி வழியாக எங்கெங்கோ இருப்பவர்களோடு பேச லைசன்ஸ் வாங்கி வந்தாள்.

லைசன்ஸ் என்றால் த்ரீவீல் ஓட்டத்தான் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

பழைய பெட்டி ஒன்று வாங்கினாள். தகரக் கூரையிலிருந்து சவுக்கு மரம் வரைக்கும் கம்பி இழுத்தாள்.

அவள் காம்பராவுக்கும் பக்கத்திலுள்ள என் காம்பராவுக்கும் நடுச்சுவர் கூரையைத் தொடாது. ஆறு மணியானால் லைசன்ஸில் தனக்குப் பேராகக் கொடுத்த இங்கிலீஷ் எழுத்துகளைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுவாள். பிறகு இரைச்சல். மறுபடி கூப்பிடுவாள். மறுபடி இரைச்சல். எனக்கே அந்த எழுத்துகள் மனப்பாடம்.

“எந்த ஆம்பளக்கா? எட்டு மாசமாக் கூப்பிடுறேன். ஒரே ஒரு ஆள் ‘கேக்குது’ன்னு சொன்னாப் போதும்னு ஒக்காந்திருக்கேன். ஒருத்தரும் சொல்லல.”

சொல்லும்போதே நிரஞ்சலா அழுதுவிட்டாள்.

கருப்பம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆம்பளைக் கதையை அவளுக்குச் சொன்னதே நான்தான். மற்றவர்களும் பார்த்தார்கள், அவர்களுக்கும் நான்தான்.

அடுப்பில் சோறு கிடக்கிறது என்று உள்ளே போய்விட்டேன்.

நான் ஒன்றும் பொய் சொல்லவில்லை. ஆடி மாதம் ஒருநாள், கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், பீலியில் தண்ணீர் பிடிக்கும் முறை வந்துவிட்டதென்று குடத்தோடு ஓடினாள். பெட்டியை அணைக்கவில்லை.

இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் அவளுடைய அதே எழுத்துகளைக் கூப்பிட்டது. தெளிவாக, மூன்று தடவை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அவள் குடத்தோடு ஏறி வருவதற்குள் பத்துக் காம்பராவுக்கும் சொல்லி முடித்திருந்தேன்.

அவளிடம் மட்டும் சொல்லவில்லை. ஒருத்தியைப் பற்றிய கதையை அவளிடமே போய்ச் சொல்லும் வழக்கம் எங்கள் லயத்தில் இல்லை.

தை மாதம் பெட்டியை விற்றுவிட்டு, லுணுகலைப் பக்கம் ஒரு மேசனைக் கட்டிக்கொண்டு போனாள். கருப்பம்மா விசாரித்து வந்து சொன்னாள்: மாப்பிள்ளை தங்கமானவராம். பேச்சுத்தான் கிடையாதாம்.