அலை கேட்கும் லாயம்

“குதிரை இல்லாம வர்றவங்களுக்கு இங்க இடம் கிடையாதும்மா. வெறும் கூடாரம் போடணும்னா வடக்கே போங்க, நிறைய இருக்கு” என்றாள் மர்லா, போனில்.

“குதிரை இருக்குங்க. டிரெய்லர்ல ஏத்தி பர்ன்ஸ் ஊர்லேர்ந்து கிளம்பியாச்சு. என் பேரு ஜோலீன். கடலோரத்துல ஒரு முகாம் விடாம கேட்டுட்டேன். ஒருத்தர் லாயம் நிறைஞ்சுடுச்சுங்கறார். இன்னொருத்தர் கடலுக்கு மலை இறங்கிப் போகணும்ங்கறார். எனக்கு அலைச் சத்தம் காதுல விழற இடம் வேணும்.”

“அப்படி என்னம்மா பிடிவாதம்?”

“என் பையன் காலெப் கடலைப் பார்த்ததே இல்லைங்க. அடுத்த வருஷம்னு தள்ளிப் போட முடியாது. டாக்டர் கையை விரிச்சுட்டார்.”

மர்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில், சொந்த நிலத்தில், அவளும் கணவன் ஹார்லனும் நடத்தும் குதிரை முகாம் அது. யார் கூப்பிட்டாலும் அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

“என்ன வயசு?”

“வர்ற மாசம் முப்பத்தொண்ணு.”

மர்லா விசிலடித்தாள். இருபத்தைந்தைத் தொட்டாலே கிழக் குதிரை என்பார்கள். முப்பதைத் தாண்டிய ஒன்றை அவள் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

“முப்பத்தொண்ணா! நல்லா வாழ்ந்துட்டான்ம்மா.”



“அப்படியா சொல்றீங்க?” என்றாள் ஜோலீன்.

“பின்னே? நானும் நாலு பையன்களைப் பறிகொடுத்தவதான். ஒருத்தன்கூட இருபத்தாறைத் தாண்டல.”

“நாலு பேரா! கடவுளே… எப்படித் தாங்கினீங்க?”

“தாங்கித்தானே ஆகணும்? சரி, சாப்பிடறானா?”

“மெல்ல முடியல. எல்லாத்தையும் ஊறவெச்சு, கூழாக் கரைச்சுக் குடுக்கறேன். படுத்தா எழுந்திருக்கறது பெரும்பாடு.”

“தெரியும்மா, தெரியும். எல்லாம் பார்த்தவ நான். நீங்க வாங்க, அலை கேட்கற இடமாவே தர்றேன்.”

பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த ஹார்லன் கண்களை உருட்டினான். மர்லா போனைப் பொத்திக்கொண்டாள்.

“கடல் பக்கத்து லாயம் காலி இல்லையே! நம்ம பையன் நிக்கிறானே!” என்றான் அவன். பையன் என்றது அவனுடைய கோவேறு கழுதையை.

“உங்க பையன் ஒரு ராத்திரி கொட்டகையில கிடந்தா குடி முழுகிடாது. உங்களைவிட அவன் நல்லாவே தூங்குவான்.” மர்லா போனுக்குத் திரும்பினாள். “ஜோலீன், ஒண்ணு சொல்லட்டுமா? கடலை ஆசை தீரப் பார்க்கட்டும். அதுக்கப்புறம் அவனை வலியில துடிக்க விடாதீங்க. என் வீட்டுக்காரர் கூடவே இருப்பார். அவன் போறது அவனுக்கே தெரியாது.”

“அவர் டாக்டரா?”

“டாக்டர் இல்ல. ஆனா டாக்டர் வந்து சேர்ற வரைக்கும் யாரு காத்துக்கிட்டிருக்கறது? இந்தப் பக்கத்துல எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவாங்க.”

ஜோலீன் அழுதுவிட்டாள். “முன்ன பின்ன தெரியாத எங்களுக்கு… இதைக் காலெப்கிட்டயும் சொல்றேன். அவன் ரொம்பப் பயந்து போயிருக்கான்.”

“சொல்லுங்க, சொல்லுங்க. நம்ம பேச்சு அவங்களுக்குப் புரியாதுன்னு நினைக்கறவன்தான் முட்டாள்.”

போனை வைத்ததும் இருவரும் வேலையில் இறங்கினார்கள். மர்லா லாயத்தில் மரத்தூளை மெத்தைபோல் பரப்பினாள். கடலை மறைத்த பலகைகளைக் கழற்றிப் போட்டாள். ஹார்லன் மணல்மேட்டுக்குப் பின்னால் இயந்திரத்தைக் கொண்டுபோய் ஆழமாகக் குழி வெட்டினான். பிறகு பீரோவைத் திறந்து துப்பாக்கியை எடுத்துத் துடைத்தான்.

“அந்தப் பொண்ணு கண்ணுல படாம வெச்சுக்கோங்க. பாவம், பிள்ளை மாதிரி வளர்த்திருக்கா” என்றாள் மர்லா.

“எனக்கு மட்டும் என்ன, இது பிடிச்ச வேலையா?” என்றான் ஹார்லன்.

சாயங்கால வெயிலில் பிக்கப் வண்டி டிரெய்லரை இழுத்துக்கொண்டு வாசலில் திரும்பியது. ஓட்டி வந்த ஜோலீன் குதித்திறங்கி மர்லாவைக் கட்டிக்கொண்டாள்.

“முதல்ல அவனைப் பார்க்கணும்” என்று மர்லா டிரெய்லரின் பின்பக்கம் ஓடினாள். ஹார்லன் துப்பாக்கியை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி மெல்ல வந்தான்.

கதவு திறந்ததும் செம்பட்டைக் குதிரை ஒன்று துள்ளிக் குதித்து வெளியே வந்தது. மேனி பளபளத்தது. கடற்காற்று பட்டதும் காதை விறைத்துக்கொண்டு கனைத்தது. மர்லா கயிற்றைப் பிடித்து அதன் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தாள்.

“ஹார்லன்… இதுக்கு ஆறு வயசுகூட இருக்காது!”

“அஞ்சுதாங்க” என்றாள் ஜோலீன். “பிஸ்கட்னு பேரு. இவளை விட்டுட்டு வரமாட்டேன்னு அவன் ஒரே அடம், அதான் இந்த முகாமைத் தேடினேன். இருங்க, இவளுக்குச் சொந்தக்காரனைக் காட்டறேன்.”

அவள் வண்டியின் முன்பக்கக் கதவைத் திறந்தாள். தலையணைகளுக்கு நடுவே, முடியெல்லாம் கொட்டிய தலையோடு, ஒட்டிய கன்னத்தோடு ஓர் இளைஞன் சாய்ந்திருந்தான். ஹார்லனைப் பார்த்துச் சிரித்து, மெலிந்த கையை நீட்டினான்.

“நீங்கதான் ஹார்லனா? கடைசிவரைக்கும் கூடவே இருப்பீங்கன்னு அம்மா சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் எனக்குப் பயமே போச்சு.”

ஹார்லனால் கை கொடுக்க முடியவில்லை. அவனது இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் துப்பாக்கியை இறுகப் பிடித்திருந்தன.